நல்ல செகண்ட்

அவர் முதலில் தட்டுவார், அப்புறம்தான் பேசுவார். சுட்டுவிரலை மடக்கி முட்டியால் டொக் டொக் என்று இரண்டு தட்டு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு தீர்ப்பு வரும். ராஸ் அல் கைமாவில் நாங்கள் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்ப்பது அவர் டூட்டி. சூளையில் வெந்து வருகிற டைல்ஸைத் தட்டினால் நல்லது மணி மாதிரி பேசும், உள்ளே கீறல் விட்டது தகரம் மாதிரி பேசும். அதைக் கேட்டு ஃபர்ஸ்ட், செகண்ட், கமர்ஷியல், பிரேக்கேஜ் என்று நாலாகப் பிரிப்பார். கமர்ஷியல் என்றால் மலிவு விலைக்குத் தள்ளுவது, பிரேக்கேஜ் என்றால் உடைத்துக் கொட்ட வேண்டியது. இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவரால் நிறுத்த முடியாது. கண்ணில் பட்டது எதுவானாலும் அந்த நாலில் ஒன்றில் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கேம்ப் வாசலில் இருந்த கடையின் டீ கமர்ஷியல். மேனேஜர் புதிதாக வாங்கிய கார் செகண்ட். அதையும் கதவில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், மேனேஜர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே. ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் போனால் தர்ப்பூசணிக் கடைக்காரன் இவரைத் தூரத்தில் கண்டதுமே வண்டியைத் தள்ளிக்கொண்டு நகருவான். எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, 'இது பரவால்ல, அது வேண்டாம்' என்று மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். உடன்குடிப் பக்கத்து ஆள். நான் கோவில்பட்டி. கிட்டத்தட்ட ஒரே ஊர்க்காரர் என்று அவர் எனக்கு எந்தச் சலுகையும் காட்டியதில்லை. நான் டிஸ்பேட்ச், அதாவது சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புகிறவன். அவர் அதை நிறுத்தி வைக்கிறவர். லாரி டிரைவர் ஹாரன் அடிப்பான், எனக்கு மேலே இருப்பவர் ஃபோன் அடிப்பார், அண்ணாச்சி நடுவில் நின்று பொறுமையாகத் தட்டிக்கொண்டிருப்பார். கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்திருக்கிறேன், கத்திப் பார்த்திருக்கிறேன். "நீ கத்துத சத்தத்துல டைல்ஸ் பேசுதது கேக்கல. கொஞ்சம் தள்ளிப் போயிக் கத்து" என்பார்.

சூளைப் பிரிவில் செல்வம் என்று மன்னார்குடிக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஊரில் பெண் பார்த்து ஃபோட்டோ அனுப்பியிருந்தார்கள். ரூமே சுற்றி நின்று பார்த்தது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "செகண்ட்" என்றார். செல்வத்தின் முகம் செத்துப்போனது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

"ஃபோட்டோவச் சொன்னேம்ல," என்றார் அண்ணாச்சி நிதானமாக. "லைட்டு பின்னால இருந்து அடிக்கி. பிள்ளைய நான் எங்க பாத்தேன்?"

செல்வம் அந்தப் பெண்ணையேதான் கட்டினான். லீவு முடிந்து வந்து கல்யாண ஆல்பத்தைக் காட்டியபோது அண்ணாச்சி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இது நல்ல செகண்ட்" என்றார். செல்வம் அன்றைக்கு ரூமுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தான். ஏனென்றால் அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சப் பாராட்டு அதுதான். ஃபர்ஸ்ட் என்ற வார்த்தையை அவர் கம்பெனி கேட்டுக்கு வெளியே கொண்டுவந்ததே கிடையாது. அவர் மகள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்துவிட்டு ஃபோன் பண்ணினாள். "கணக்குல ஒரு மார்க்கு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, "பரவால்ல, நல்ல செகண்ட்தான்" என்றார். மகளுக்கும் பழகிப்போயிருந்தது போல. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

இப்படிப்பட்டவரை எங்கள் வேட்டைக்கு நடுவராகப் போட்டது யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேட்டை என்றதும் பயந்துவிட வேண்டாம். இந்த நாட்டில் நிஜ மானைப் பார்த்து வில்லை நீட்டினால் மான் தப்பித்துவிடும், நாம்தான் மாட்டிக்கொள்வோம். மலையடிவாரத்தில் ஒரு அரபியின் பேரீச்சந்தோட்டம். அதை ஒட்டிய வறண்ட ஆற்றுத்தடத்தில், பாறைக்குப் பின்னால் ஒன்றும் முள்மரத்தடியில் ஒன்றுமாகக் கெட்டியான ஃபோமில் செய்த மிருகங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மான், காட்டுப்பன்றி, நீளக் கொம்பு வைத்த மலையாடு, அதோடு ஒரு கரடி. அந்த வெயிலில் அந்தக் கரடி என்ன பாவம் பண்ணி வந்து நின்றதோ தெரியாது. ஒவ்வொரு மிருகத்தின் விலாவிலும் கறுப்புக் கோட்டில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அம்பு போனால் நிறைய பாயிண்ட், உடம்பில் வேறு எங்கே பட்டாலும் கொஞ்சம். வில்லைக் கொடுத்து, எப்படி இழுப்பது, எங்கே நிற்பது என்று சொல்லித்தர கான் பாய் என்று பெஷாவர்க்காரர் ஒருவர் இருந்தார். குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி வேனில் போய், டெண்டில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவோம்.

போட்டி சூளைக்கும் டிஸ்பேட்சுக்கும். தோற்ற அணி பிரியாணி அண்டாவைக் கழுவ வேண்டும். ஜெயித்த அணித் தலைவனுக்குத் திரும்பும்போது வேனில் முன்சீட்டு, ஏ.சி. அங்கே மட்டும்தான் வேலை செய்யும். கோப்பைக்குப் பதிலாகக் கம்பெனியிலேயே செய்த ஒரு சின்ன வாஷ்பேசின். அண்ணாச்சியே தட்டிப் பார்த்து பிரேக்கேஜ் என்று தள்ளியது அது. உடைக்கப் போனவர்களிடமிருந்து செல்வம் காப்பாற்றிக் கொண்டுவந்தான். ஜெயித்தவர்கள் ரூமில் வருஷம் முழுக்க அது உட்கார்ந்திருக்கும். சாவியும் சில்லறையும் ஷேவிங் பிளேடும் போட்டு வைப்போம். அந்த உடைசல் பேசினுக்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

அண்ணாச்சி முதல் வருஷம் ஒரே ஒரு அம்பு விட்டார். அது கரடிக்கு மேலே பறந்து பாறையில் மோதி இரண்டானது. போய் இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். "பிரேக்கேஜ்" என்று அவரே சொல்லிவிட்டு வில்லைக் கான் பாயிடம் கொடுத்தார். அதற்கப்புறம் வில்லைத் தொடவில்லை. தரம் பார்க்கிறவன் சரக்குச் செய்யக் கூடாது என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர்தான் நடுவர்.

அந்த வருஷமே காட்டுப்பன்றி முன்னால் பெரிய தகராறு. செல்வத்தின் அம்பு சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. வெளியே என்று நாங்கள் கத்துகிறோம், உள்ளே என்று அவர்கள் கத்துகிறார்கள். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். அம்புக்கும் கோட்டுக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் போகவில்லை.

"கோட்டத் தொட்டா உள்ள. மயிரிழை தொட்டாலும் உள்ள. இனிமே இதான் சட்டம், எல்லாவனும் கேட்டுக்கிடுங்க" என்றார்.

நாங்கள் அண்டா கழுவினோம். அடுத்த வருஷம் அதே சட்டத்தால் சூளைக்காரர்கள் கழுவினார்கள். அவர் யாருக்கும் வளைய மாட்டார். ஒவ்வொரு அம்புக்கும் நகம், ஒவ்வொரு அம்புக்கும் கண்ணாடி. கான் பாய் வெயிலில் நின்று நின்று அலுத்து, "அரே பாய், ஜல்தி போலோ, அந்தர் யா பாஹர்?" என்று, சீக்கிரம் உள்ளேயா வெளியேயா சொல்லச் சொல்லித் துளைப்பார். அண்ணாச்சி திரும்பியே பார்க்க மாட்டார்.

அவர் மனைவி ஊரில் இருந்தார். உடன்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்குச் சொந்தமாகத் தையல்கடை. மகள் காலேஜ் முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அதுவரை ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்திராத மதினி, ஒரு குளிர்காலத்தில் விசிட் விசாவில் வருவதாக முடிவானது. செய்தியை அண்ணாச்சி எங்களிடம் சொன்ன விதம் இப்படி: "வீட்ல வாராவ. சும்மா பாத்துட்டுப் போறதுக்கு."

சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவருக்காக அவர் செய்த காரியங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். கேம்பை விட்டு நக்கீல் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறினார். அந்தக் குளியலறைத் தரை அவருக்குப் பிடிக்கவில்லை. வாடகை வீட்டுக்கு யாராவது டைல்ஸ் போடுவார்களா? இவர் போட்டார். அதுவும் எப்படி? கோடவுனில் நான் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இவர் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஏற்கெனவே அவரே ஃபர்ஸ்ட் என்று முத்திரை போட்ட பெட்டிகள் அவை. அதிலும் பாதியைத் தள்ளினார்.

"அண்ணாச்சி, இதெல்லாம் நீங்களே பாஸ் பண்ணுனதுதான?" என்றேன், முதுகு ஒடிந்து.

"அது கஸ்டமருக்கு" என்றார்.

ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டிப்போனேன். அண்ணாச்சி புதுச்சட்டை போட்டிருந்தார். மதினி தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். இவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிற மனைவியிடம் ஒரு மனுஷன் என்ன சொல்வான் என்று நான் ஆவலாக நின்றேன். அண்ணாச்சி பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். "ஜிப்பு சரியில்ல. செகண்டு பெட்டி" என்றார். மதினி என்னைப் பார்த்து, "நல்லாருக்கியளா தம்பி?" என்று கேட்டுவிட்டு, "இந்த மனுசன்கூட எப்பிடித்தான் வேல பாக்கியளோ" என்றார். எனக்கு அந்த நிமிஷமே மதினியைப் பிடித்துப்போனது.

ஃபிளாட்டுக்குப் போனதும் குளியலறையைத் திறந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்க" என்றார் மதினி. அண்ணாச்சி உள்ளே போய் மூலையைக் காட்டினார். "இந்தா இது ஒண்ணு செகண்ட். மாத்தணும்."

அந்த வருஷம் வேட்டைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மதினியும் வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி தூரத்தில் கான் பாயோடு ஒவ்வொரு மிருகமாகப் போய் வட்டத்தின் கோட்டை மார்க்கர் பேனாவால் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வியாழக்கிழமை ஃபிளைட்டு தம்பி" என்றார் மதினி.

"அதுக்குள்ளயா? விசா இன்னும் இருக்குல்லா மதினி? ஃபேமிலி விசாவுக்கு மாத்திரலாமே. அண்ணாச்சி சம்பளத்துக்குக் கெடைக்கும்."

"கெடைக்கும்னு எனக்கும் தெரியும்." கத்தியை நிறுத்தினார். "இருக்கட்டுமா, போகட்டுமான்னு கேட்டேன். உன் இஷ்டம்னு சொல்லுதாரு. கடைக்குத் துணி எடுத்துட்டு வாறவங்ககிட்ட, கழுத்து வட்டமா வைக்கட்டா சதுரமா வைக்கட்டான்னு நான் கேப்பேன். அவங்க சொல்லுத பதில் தம்பி அது. என் கடை சும்மா கெடக்கல. ரெண்டு பிள்ளைய வேலைக்கு வச்சிருக்கேன். இங்க இருக்கணும்னா அத வித்துட்டுல்லா வரணும். ஒரு வார்த்தை, இருன்னு அவரு வாயால சொல்லட்டும். வித்துட்டு வந்துருதேன். சொல்லாம நானா இருந்தா, நாளைக்கு நான் வைக்க கொழம்புக்கும் மார்க்கு, நான் இருக்கதுக்கும் மார்க்கு."

"அவரு அந்த பாத்ரூமுக்கு டைல்ஸ் எடுத்தத நீங்க பாத்துருக்கணும் மதினி."

"பாத்ரூமு பேசுமா?" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணம் என்று நானும் வைத்துக்கொண்டேன். எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் வந்தது. தர்ப்பூசணியிடம்கூட இரண்டு வார்த்தை பேசுகிற மனுஷனுக்கு இங்கே என்ன கேடு?

மறுநாள் காலையில் மதினி சும்மா வேடிக்கை பார்க்கப் போய், கான் பாய் வற்புறுத்தி வில்லைக் கையில் கொடுத்துவிட்டார். முன்கையில் தோல்பட்டையைக் கட்டிவிட்டு நிற்கச் சொன்னார். முதல் அம்பு மண்ணில். இரண்டாவது மானின் வாலில். மூன்றாவது வயிற்றில். ஊசியில் நூல் கோத்துக் கோத்து நிதானப்பட்ட கையும் கண்ணும், அவசரமே இல்லை. கான் பாய், "வாஹ், பாபிஜி!" என்று அண்ணி முறை வைத்துக் குதித்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றாலும் காதை இந்தப் பக்கம்தான் சாய்த்திருந்தார்.

போட்டி மத்தியானம்வரை இழுத்தது. கடைசி மிருகம் மலையாடு. சூளை எங்களைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தது. எங்கள் பக்கம் ஒரே ஒரு அம்பு பாக்கி. அது வட்டத்துக்குள் போனால் பேசின் எங்களுக்கு, வெளியே என்றால் அவர்களுக்கு. அதை விட வேண்டிய எங்கள் ஆள் காலையில் அண்டாவைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டெண்டில் படுத்திருந்தான்.

"மதினி விடட்டும்" என்றேன்.

செல்வம் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க எப்படிண்ணே டிஸ்பேட்ச்? நடுவர் வீட்டம்மா."

"எனக்கு மதினின்னா டிஸ்பேட்சுக்கு மதினி. நடுவர் வளைஞ்சு குடுப்பாருன்னு உனக்குப் பயமா?"

அதைக் கேட்டு சூளைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சியாவது வளைவதாவது! செல்வமும் சிரித்துவிட்டு ஒதுங்கினான். மதினி வந்து அம்பு விடுகிற கோட்டில் நின்றார். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினார். அம்பை வில்லில் வைத்தவர், இழுக்காமல் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார்.

"ஏங்க, ஒரு பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"அம்பு உள்ள விழுந்தா நீங்க என்னய இருன்னு சொல்லணும். இத்தன பேரு முன்னால, வாய்விட்டு. வெளிய விழுந்தா ஒண்ணும் சொல்லாண்டாம். நான் வியாழக்கிழம ஃபிளைட் ஏறிருதேன்."

எல்லாரும் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று அவர்களுக்கு நினைப்பு. விளையாட்டில்லை என்று தெரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டையை விடக் கண்ணாடிதான் சுத்தமாக இருந்தது.

மதினி இழுத்தார். நிறுத்தினார். விட்டார். அம்பு மலையாட்டின் விலாவில் போய் நின்றது. வட்டத்தின் விளிம்பில்.

நாங்கள் எல்லாரும் அம்பு விடுகிற கோட்டிலேயே நிற்க, நடுவர் மட்டும் போவது வழக்கம். அண்ணாச்சி போனார். குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார். கட்டைவிரல் நகத்தை வைத்தார். அவ்வளவு நேரம் அவர் ஒரு அம்புக்கும் எடுத்துக்கொண்டதில்லை. கான் பாய்கூட ஜல்தி என்று சொல்லவில்லை. உள்ளே என்று சொல்லிவிடும் அண்ணாச்சி, உம் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ வளைஞ்சு குடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பேசின் அப்போது எனக்கு ஞாபகமே இல்லை.

அவர் நிமிர்ந்தார்.

"வெளிய" என்றார்.

சூளைக்காரர்கள் ஓவென்று கத்திக்கொண்டு செல்வத்தைத் தூக்கினார்கள். பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தன் ஆடினான். மதினி, "சரி" என்றார். அவ்வளவுதான். தோல்பட்டையின் முடிச்சை அவிழ்த்துக் கான் பாயிடம் கொடுத்துவிட்டு, தோற்ற அணிக்கு வேலை இருக்கிறதென்று அண்டா இருந்த பக்கம் நடந்தார். அந்த நேரத்தில் அண்ணாச்சியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தரம் பார்த்துப் பார்த்து இந்த ஆளே கல்லாகிப்போய்விட்டார் என்று வெறுத்தேன்.

அண்ணாச்சி மலையாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அம்பைப் பிடுங்கவில்லை. பிறகு விறுவிறுவென்று நடந்து, ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, மதினியை அண்டாவுக்கு முன்னால் போய்ப் பிடித்தார். நானும் பின்னாலேயே போனேன். கேட்கக் கூடாதுதான், ஆனால் அண்டா கழுவ வேண்டியவன் நானும்தானே.

"நீ போவாண்டாம்" என்றார்.

மதினி நிமிர்ந்து பார்த்தார். "அம்பு வெளியதான விழுந்துச்சு?"

"அம்பு வெளிய. அது முடிஞ்சுபோச்சு. இது நான் சொல்லுதேன். இரு."

"பந்தயத்துல நான்தான தோத்தேன். நீங்க சொல்லணும்னு இல்லயே."

"அதான் சொல்லுதேன்." கண்ணை அண்டா பக்கம் திருப்பிக்கொண்டார். "பந்தயத்துக்காவச் சொன்னா அது கமர்ஷியல். எனக்கு... வீட்டுக்குப் போனா தட்டிப் பாக்க ஒண்ணுமில்ல. எல்லாம் சுவருதான். நீ இரு, ஏட்டி."

மதினி தேங்காய் நாரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அப்ப அண்டாவத் தேயுங்க. நான் தண்ணி ஊத்துதேன்." அண்ணாச்சி புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அண்டாவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். மதினி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. அங்கே எந்த வெங்காயமும் இல்லை.

அந்த இடத்தில் நிற்பது சரியில்லை என்று அம்புகளைப் பொறுக்கக் கிளம்பினேன். தோற்றவர்கள் அம்பைப் பிடுங்கிக் கொண்டுவந்து கான் பாயிடம் ஒப்படைப்பதும் வழக்கம்தான். மலையாட்டிடம் போய் மதினியின் அம்பில் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். குனிந்து பார்த்தேன். அண்ணாச்சி செய்வதுபோலவே கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் போகவில்லை. முந்தின நாள் அவரே கையால் அழுத்தி வரைந்த புதுக்கறுப்புக் கோடு. அம்பு அதைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கவில்லை, பாதிக் கோட்டைத் தின்றுகொண்டு நின்றது. கோட்டைத் தொட்டால் உள்ளே. கான் பாய்க்குத் தெரியும், கரடிக்குத் தெரியும், அந்தச் சட்டத்தைப் போட்டவருக்குத் தெரியாதா?

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி. கையெல்லாம் அண்டாக் கரி. என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தரம் பார்க்கிறவர் ஒருவர் தனக்கு வரப்போகிற தீர்ப்புக்காகக் காத்து நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எங்கள் பேசின், எங்கள் முன்சீட்டு, எங்கள் வருஷம். நான் ஒரு சத்தம் கொடுத்தால் செல்வம் ஓடி வந்து பார்ப்பான், எல்லாம் எங்களுக்கு வந்துவிடும்.

"என்னல பாக்க?" என்றார்.

நான் அம்பை இழுத்துப் பிடுங்கினேன். அந்த ஃபோமில் ஒரு வசதி. அம்பு வெளியே வந்ததும் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும்; கோடும் சேர்ந்துகொள்ளும்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். "வெளியதான்."

அவர் கிட்டே வந்தார். கரிபடிந்த விரலை மடக்கி என் நெஞ்சில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்ல செகண்ட்தாம்ல நீ" என்றார்.